அம்மாவின் போனில் ஒரு சாவி!

அம்மா போன் செய்தபோது காலை பதினொரு மணி இருக்கும். நான் ஷிஃப்ட்டில் இருக்கும் நேரம் அது. அவசரம் இல்லாமல் அந்த நேரத்தில் கூப்பிட மாட்டார்.

“பேங்க் ஆப்பு தொறக்கவே மாட்டேங்குதுடி. மூணு வாட்டி நம்பரைப் போட்டுப் பார்த்துட்டேன். இப்ப என்னமோ செவப்புல எழுதி வருது. எனக்குக் கை காலெல்லாம் நடுங்குது.”

நடுங்கக் காரணம் இருந்தது. அன்றுதான் நகைக்கடனுக்கு வட்டி கட்டக் கடைசி நாள். ஏழு பவுன். என் படிப்புக்காக வைத்தது.

பக்கத்து வீட்டுத் தம்பியின் போனில் திரையைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘வழக்கமில்லாத இடத்திலிருந்து உங்கள் கணக்கைத் திறக்க முயற்சி நடந்திருக்கிறது. பாதுகாப்புக்காக 24 மணி நேரம் நிறுத்தி வைத்திருக்கிறோம்’ என்பதுதான் அந்தச் சிவப்பு எழுத்துகளின் சாரம். அம்மா உட்கார்ந்திருந்ததோ பட்டுக்கோட்டையில், எங்கள் வீட்டுச் சமையலறையில். இதில் வழக்கமில்லாத இடம் எங்கிருந்து வந்தது?

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அது கண்ணில் பட்டது. திரையின் மேல் ஓரத்தில், டவர் கோடுகளுக்கும் பேட்டரிக்கும் பக்கத்தில், சின்னதாக ஒரு சாவி.

“அம்மா, மேல சாவி மாதிரி ஒண்ணு இருக்கே, அது எப்பலேருந்து?”

“அதுவா? உங்க அப்பா போடச் சொன்னது. மூணு வருஷமா இருக்கு. சாவி இருந்தா போன் பூட்டிப் பத்திரமா இருக்குன்னு அர்த்தம்.”

அது ஓர் இலவச விபிஎன் செயலி. எந்த நாட்டு சர்வர் வழியாகப் போகலாம் என்பதை அதுவே முடிவு செய்துகொள்ளும். அன்று அது தேர்ந்தெடுத்தது நெதர்லாந்தை. அதாவது, என் அம்மா அடுப்பில் சாம்பாரை வைத்துக்கொண்டே நெதர்லாந்திலிருந்து நகைக்கடனுக்கு வட்டி கட்டப் பார்த்திருக்கிறார். அதுவரை கண்டுகொள்ளாமல் இருந்த வங்கிச் செயலி, அன்று கண்டுகொண்டது.

சித்தி ரொக்கமாகக் கொடுத்து, அம்மா ஆட்டோ பிடித்துப் போய் வங்கியில் நேரில் கட்டினார். நகை தப்பித்தது. எனக்குத்தான் அன்று முழுக்க வேலை ஓடவில்லை. டிஜிட்டல் டெஸ்க்கில் உட்கார்ந்துகொண்டு, போன் பாதுகாப்பு பற்றி வாரத்துக்கு ஒரு செய்தியாவது திருத்துகிறேன். என் அம்மாவின் போனில் மூன்று வருடமாக ஒரு சாவி இருந்தது எனக்குத் தெரியவில்லை.

ஷார்ஜாவிலிருந்து வந்த சாவி

அப்பா அப்போது ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக். பதினான்கு வருட வேலை. இப்போது ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். அதனால்தான் இதையெல்லாம் தயங்காமல் எழுத முடிகிறது.

வளைகுடாவில் ஆள் இருக்கும் வீடுகளுக்கு இந்தக் கதை புதிதல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், போட்டோ போகும், வாய்ஸ் மெசேஜ் போகும். கால் போகாது. வீடியோ காலும் போகாது. இணையம் வழியாகப் பேசுவதற்கு அங்கே அரசு அனுமதித்த செயலிகள் தனியாக இருக்கின்றன. அப்பாவின் அறையில் எட்டுப் பேர். எட்டுப் பேரின் போனிலும் விபிஎன் இருந்தது. ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் எட்டுப் பேரும் அதைத் தட்டிவிட்டு, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து வீட்டுக்குப் பேசுவார்களாம்.

அறையில் ஒருவர்தான் அப்பாவிடம், “ரெண்டு பக்கமும் போட்டாத்தான் லைன் கிளியரா இருக்கும்” என்று சொல்லியிருக்கிறார். அப்பா அம்மாவிடம் சொல்ல, அம்மா என் மாமா பையனிடம் சொல்ல, அவன் ஒரே நிமிடத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டான்.

அந்த யோசனையே தவறு. தடை இருந்தது அப்பா பக்கத்து நெட்வொர்க்கில். பட்டுக்கோட்டையில் எந்தத் தடையும் இல்லை. அம்மா விபிஎன் போட்டதால் லைன் கிளியர் ஆகவில்லை. பேச்சு தேவையில்லாமல் ஓர் ஊரைச் சுற்றி வந்ததுதான் மிச்சம். ‘அப்பா குரல் தேஞ்சு தேஞ்சு வருது’ என்று அம்மா மூன்று வருடம் புலம்பியதற்கு அந்தச் சாவியும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

போஸ்ட்மேனும் கையில் கொடுத்துவிட்ட கடிதமும்

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போனேன். செயலியை நீக்கும் முன் அம்மாவுக்கு அது என்னவென்று புரியவைக்க வேண்டும் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் நான் சென்னைக்கு பஸ் ஏறியதும் மாமா பையன் மறுபடி ஏற்றிவிடுவான்.

“அம்மா, நீ போன்ல எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் அது ஒரு கடுதாசி மாதிரி. முன்னாடியெல்லாம் போஸ்ட் கார்டுல எழுதுன மாதிரி, வழியில இருக்கறவங்க யாரு வேணா படிக்கலாம். இப்ப பெரும்பாலான தளம் கவர்ல போட்டு ஒட்டித்தான் அனுப்புது. போஸ்ட்மேனுக்கு மேல இருக்கற அட்ரஸ் தெரியும். உள்ள என்ன எழுதியிருக்குன்னு தெரியாது.”

அந்தக் கவர்தான் முகவரியின் தொடக்கத்தில் வரும் ‘ஹெச்டிடிபிஎஸ்’. பத்துப் பதினைந்து வருடங்களுக்கு முன் நிலைமை இப்படி இல்லை. 2010-ல் ‘ஃபயர்ஷீப்’ என்று ஒரு கருவி வந்தது. காபி கடை வைஃபையில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து மேஜைக்காரரின் ஃபேஸ்புக் கணக்குக்குள் யார் வேண்டுமானாலும் நுழைந்துவிடலாம் என்பதை அது உலகத்துக்கே காட்டியது. அதற்குப் பிறகுதான் பெரிய தளங்கள் ஒவ்வொன்றாக முழுக்கக் கவருக்கு மாறின. ‘பொது வைஃபை என்றாலே பாஸ்வேர்டு போய்விடும்’ என்ற பயம் அந்தக் காலத்து மிச்சம். இன்று எழும்பூர் ரயில் நிலையத்து வைஃபையில் வங்கிச் செயலியைத் திறந்தால், பக்கத்து பெஞ்சில் இருப்பவரால் அதைப் படித்துவிட முடியாது. போலியான வைஃபை பெயர், போலியான லாகின் பக்கம் ஆகியவற்றில்தான் இப்போது கவனம் வேண்டும்.

“விபிஎன்னுங்கறது என்னன்னா, அந்தக் கவரை இன்னொரு பெரிய கவர்ல போட்டு நடுவுல ஒரு ஆளுக்கு அனுப்பறது. அந்த ஆள் வெளிக்கவரைப் பிரிச்சு, உள்கவரை அவர் ஊர்லேருந்து போஸ்ட் பண்ணுவார். நம்ம ஊரு போஸ்ட்மேனுக்கு நீ யாருக்கு எழுதறன்னு தெரியாது. அந்த நடு ஆளுக்குத்தான் கடுதாசி போட்டேன்னு மட்டும் தெரியும்.”

அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டார். “அப்ப அந்த நடு ஆளுக்கு, நான் யாரு யாருக்கு எழுதறேன்னு தெரியுமில்ல?”

“தெரியும்.”

“அவன் யாரு?”

அந்தச் செயலியின் பக்கத்தைத் திறந்து பார்த்தோம். ஏதோ ஒரு நிறுவனப் பெயர். அதைத் தேடினால் எங்கே இருக்கிறது, யார் நடத்துகிறார்கள் என்று எதுவும் கிடைக்கவில்லை. தொடர்புக்கு ஒரு ஜிமெயில் முகவரி.

“போஸ்ட்மேனை நம்பாம ரோட்ல போறவன் கையில குடுத்து வச்சிருக்கேன்” என்றார் அம்மா.

நான் படித்த எந்த விளக்கக் கட்டுரையிலும் இவ்வளவு சரியாக யாரும் சொல்லவில்லை. விபிஎன் போட்டால் நம்மைப் பார்ப்பவர் யாரும் இல்லாமல் போவதில்லை. பார்ப்பவர் மாறுகிறார், அவ்வளவுதான். இணைய சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தது இப்போது விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியும். ஆண்ட்ராய்டு போனே இதை எச்சரிக்கிறது. விபிஎன் செயலியை முதன்முதலாக இயக்கும்போது, ‘இது உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும். நம்பிக்கையான இடமென்றால் மட்டும் ஏற்கவும்’ என்ற பொருளில் ஒரு பெட்டி வரும். மாமா பையன் அதில் ‘சரி’யைத் தட்டியிருக்கிறான். நாமும் அதைத்தான் தட்டுவோம்.

இலவசமாகச் சேவை செய்யும் நடு ஆளுக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது? ஃபேஸ்புக் 2013-ல் ‘ஒனாவோ’ என்ற நிறுவனத்தை வாங்கியது. அதன் இலவச விபிஎன் செயலி, உங்களைப் பாதுகாக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே மக்கள் எந்தெந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரத்தை ஃபேஸ்புக்குக்குக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆப்பிள் எதிர்ப்புத் தெரிவித்ததால் 2018-ல் ஐபோன் ஆப் ஸ்டோரிலிருந்து வெளியேறி, அடுத்த வருடம் மொத்தமாக மூடப்பட்டது. ‘ஹோலா’ என்ற இன்னொரு இலவச விபிஎன், தன் பயனாளர்களின் இணைய இணைப்பையே வேறு ஆட்களுக்கு விற்றது 2015-ல் வெளியே வந்தது. அடுத்த வருடம் ஆஸ்திரேலியாவின் சிஎஸ்ஐஆர்ஓ ஆய்வாளர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில் 283 ஆண்ட்ராய்டு விபிஎன் செயலிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். 38 சதவிகிதத்தில் தீங்கான நிரல்களின் அடையாளம் இருந்தது. 18 சதவிகிதம் எதையும் மறைக்கவே இல்லை; வெளிக்கவரே இல்லாத நடு ஆள்!

“என் பேங்க் நம்பரெல்லாம் போயிருக்குமா?”

“வாய்ப்பு கம்மி. பேங்க் ஆப்பு தன் கவரைத் தானே ஒட்டிக்கும். எதுக்கும் பின் நம்பரை மாத்திடுவோம். ஆனா நீ எந்தெந்தத் தளத்துக்குப் போன, எத்தனை மணிக்குப் போனங்கறது தெரிஞ்சிருக்கும்.”

“தெரிஞ்சா தெரிஞ்சுட்டுப் போவட்டும். என்கிட்ட மறைக்க என்ன இருக்கு?”

சொல்லிவிட்டு அம்மா சும்மா இருந்தார். கத்தியைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, “அந்த ஆஸ்பத்திரி பேரெல்லாம் தெரியுமா?” என்றார்.

எந்த ஆஸ்பத்திரி?

இரண்டு மாதமாக அம்மாவுக்கு வயிற்றில் வலி. கர்ப்பப்பையில் கட்டி இருக்குமோ என்று பயந்து, தஞ்சாவூரில் இருக்கும் ஆஸ்பத்திரிகள், ஸ்கேன் சென்டர்கள் என்று ராத்திரியில் போனில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். அப்பாவுக்குச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லவில்லை. ‘நீங்க ரெண்டு பேரும் தூரத்துல இருந்து என்ன பண்ணுவீங்க’ என்பது அவர் பதில்.

எங்களிடமே சொல்லாத ஒன்று, ஜிமெயில் முகவரி மட்டும் வைத்திருக்கும் யாரோ ஒருவனுக்கு மூன்று வருடமாகத் திறந்திருந்த வாசல் வழியாகப் போயிருக்கலாம். அதை நினைத்தபோதுதான் எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. திங்கள்கிழமை லீவு போட்டு அம்மாவை அழைத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். சாதாரண நார்க்கட்டி, பயப்பட ஒன்றுமில்லை என்றார் டாக்டர். அந்தச் சாவியால் நடந்த ஒரே நல்லது அதுதான்.

“புள்ளைங்க முகத்தைப் பாக்கறதுக்கா?”

அம்மாவின் போன் எளிது. நீக்கிவிட்டோம். அப்பாவின் போன்தான் கஷ்டம்.

ஐக்கிய அரபு அமீரகத்தில் விபிஎன் வைத்திருப்பதே குற்றம் என்று இல்லை. நிறுவனங்கள் தங்கள் வேலைக்குப் பயன்படுத்துகின்றன. ஆனால், குற்றம் செய்யவோ செய்த குற்றத்தை மறைக்கவோ விபிஎன் வழியாக ஐபி முகவரியை மாற்றினால், 2021-ல் வந்த அந்நாட்டு இணையக் குற்றச் சட்டப்படி சிறைத் தண்டனை கிடைக்கலாம், அல்லது 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹாம் வரை அபராதம், அல்லது இரண்டும். 5 லட்சம் திர்ஹாம் என்பது நம் பணத்தில் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். தடுக்கப்பட்ட காலைப் பேசுவது இதில் எந்தப் பக்கம் விழும் என்பதை முடிவு செய்யப்போவது அப்பாவும் இல்லை, நானும் இல்லை.

போனில் இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். “கேம்ப்புல எல்லாரும்தான் வச்சிருக்காங்க பாப்பா. யாரையும் பிடிக்கல.”

“இதுவரைக்கும் பிடிக்கலப்பா. ஒருநாள் வேற எதுக்கோ போனை வாங்கிப் பாத்தா? நீங்க பணம் அனுப்பற ஆப்பும் அதே போன்லதானே இருக்கு? அதையும் விபிஎன்னை ஆஃப் பண்ணாமத்தானே தொறக்கறீங்க?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு அப்பா கேட்டார். “புள்ளைங்க முகத்தைப் பாக்கறதுக்கா இவ்வளவு பெரிய தண்டனை?”

எனக்குப் பதில் வரவில்லை. அப்பாவுக்கு விபிஎன் என்பது அந்தரங்கப் பாதுகாப்பும் இல்லை, தொழில்நுட்பமும் இல்லை. என் பூப்புனித நீராட்டு விழாவை அவர் பார்த்தது அதன் வழியாகத்தான். தம்பியின் பத்தாம் வகுப்பு மார்க்கைக் கேட்டுக் கண் கலங்கியதும் அதன் வழியாகத்தான். ‘நீக்கிடுங்கப்பா’ என்று சொல்வதற்கு முன், அதற்குப் பதிலாக என்ன என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

அங்கே அனுமதிக்கப்பட்ட செயலிகளில் ஒன்றான ‘போட்டிம்’மை இரண்டு போனிலும் ஏற்றினோம். அம்மாவுக்கு அது பிடிக்கவே இல்லை. “வாட்ஸ்அப்புல பச்சையா இருக்கும், கண்ணுக்குத் தெரியும். இதுல எதைத் தட்டறதுன்னே தெரியல” என்று ஒரு வாரம் திட்டினார். அப்பா இரண்டு முறை மறுபடியும் பழைய வழிக்கே போனார். நான் இரண்டு முறை சண்டை போட்டேன். மூன்றாவது வாரத்தில் பழகிவிட்டது. அப்பா தன் போனிலிருந்து அந்தச் சாவியை நீக்கிவிட்டு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினார். அன்று ராத்திரிதான் எனக்கு ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

நம் நாட்டில் சட்டம் வேறு. இங்கே விபிஎன் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றம் இல்லை. ஜம்மு-காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தடை உத்தரவு போட்டிருக்கின்றன. 2022 ஏப்ரலில் மத்திய அரசின் ‘செர்ட்-இன்’ அமைப்பு, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, போன் எண், ஐபி போன்ற விவரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. சில பெரிய வெளிநாட்டு நிறுவனங்கள் அதை ஏற்காமல் இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களையே எடுத்துக்கொண்டு போய்விட்டன. அலுவலகங்கள் தங்கள் ஊழியர்களுக்குக் கொடுக்கும் விபிஎன்னுக்கு இந்த விதி இல்லை.

விபிஎன்னே துணையாகும் நேரமும் உண்டு. இலங்கையில் 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் 3 அன்று மக்கள் போராட்டத்தின்போதும் சமூக வலைதளங்கள் முடக்கப்பட்டன. அப்போது பலர் விபிஎன் வழியாகத்தான் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொண்டார்கள்.

எனக்கு வேண்டுமா?

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் முடிவு சொன்ன பிறகுதான், எனக்கு என்ன முடிவு என்ற கேள்வி வந்தது.

நான் இருப்பது வடபழனிப் பக்கம் ஒரு பெண்கள் விடுதியில். வைஃபை வாடகையிலேயே அடக்கம். ஒருநாள் காலை டிபன் வாங்கும்போது வார்டன், என் அறைத்தோழியிடம், “என்னம்மா, வேற வேலை தேடறியா? ராத்திரியெல்லாம் வேலை சைட்டா பாத்துட்டு இருக்கே” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். தோழிக்கு இட்லி இறங்கவில்லை. அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தின் மேலாளர், விடுதி உரிமையாளருக்குத் தெரிந்தவர்.

பிறகுதான் விசாரித்தோம். உரிமையாளரின் போனில் ரூட்டரின் செயலி இருக்கிறது. எந்தக் கருவி எந்தத் தளத்துக்கு எப்போது போனது என்று அது பட்டியல் போடுகிறது. கவருக்குள் இருப்பது தெரியாது; ஆனால் மேலே இருக்கும் முகவரி தெரிகிறது. வேலை தேடும் தளம், மேட்ரிமோனி தளம், மகப்பேறு மருத்துவமனையின் தளம்... இருபது பெண்கள் இருக்கும் இடத்தில் முகவரியே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

இங்கேதான் விபிஎன்னுக்கு உண்மையான வேலை இருக்கிறது. யாரிடமிருந்து மறைக்க வேண்டும் என்பது தெளிவாகத் தெரிகிறது. அந்த ஆள் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறார். அவரைவிட நடு ஆள் ஒருவரை நம்புவது மேல்.

எந்த நடு ஆள் என்று தேடினால், ‘சிறந்த 10 விபிஎன்’ பட்டியல்கள் குவிந்து கிடக்கின்றன. அவற்றில் பல, அந்த இணைப்பைத் தட்டி நாம் வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன் கிடைக்கும் பட்டியல்கள். அதனால் நான் மூன்று கேள்விகள் மட்டும் வைத்துக்கொண்டேன். நடத்துவது யார் என்று வெளிப்படையாகத் தெரிகிறதா? ‘பதிவுகள் வைப்பதில்லை’ என்ற வாக்குறுதியை வெளியாட்களை வைத்துத் தணிக்கை செய்து, அறிக்கையைப் பொதுவில் வைத்திருக்கிறதா? நாம் கட்டும் பணம்தான் அதன் வருமானமா? மூன்றுக்கும் ஆம் என்று வந்த ஒன்றுக்கு, நானும் தோழியும் பணம் கட்டி லேப்டாப்பில் போட்டிருக்கிறோம்.

போனில் போடவில்லை. போனுக்கு என் சொந்த மொபைல் டேட்டா இருக்கிறது. வேலை தேடுவது, டாக்டரைத் தேடுவது போன்றவற்றுக்கு வைஃபையை அணைத்துவிட்டு டேட்டாவில் போனால் விடுதி ரூட்டருக்கு எதுவும் தெரியாது. மொபைல் நிறுவனத்துக்குத் தெரியும். ஆனால் அது டிபன் வாங்கும் இடத்தில் வந்து என்னை விசாரிப்பதில்லை. நாள் முழுக்க விபிஎன் ஓடினால் பேட்டரி இறங்குகிறது. வங்கிச் செயலி முரண்டு பிடிக்கிறது. கேப் புக் செய்யும் செயலி சில நேரம் குழம்புகிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

அலுவலகம் கொடுத்த விபிஎன்னும் என்னிடம் உண்டு. வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது செய்தி ஏற்றும் தளத்துக்குள் போக அது வேண்டும். அது அலுவலக வாசல். சொந்த வேலை எதையும் அந்த வழியாகச் செய்வதில்லை.

சாவிக்குப் பதிலாகச் செய்தவை

பட்டுக்கோட்டை வீட்டில் விபிஎன் இல்லை. அதற்குப் பதிலாக அன்று செய்த வேலைகள் சில உண்டு. அவை அதைவிடப் பயனுள்ளவை என்று நம்புகிறேன்.

வீட்டு வைஃபை பாஸ்வேர்டு, இணைப்புக் கொடுத்த பையன் வைத்துவிட்டுப் போன அம்மாவின் போன் நம்பர். தெருவில் பாதிப் பிள்ளைகளுக்கு அது மனப்பாடம். அதை மாற்றினோம். ரூட்டரின் உள்ளே போகும் பாஸ்வேர்டு ‘அட்மின்’ என்றே இருந்தது. அதையும் மாற்றினோம். பிள்ளைகளுக்காக விருந்தினர் வைஃபை என்று தனியாக ஒன்று திறந்துவிட்டோம். இல்லாவிட்டால் அம்மா மனசு கேட்காது.

அம்மா போனின் செட்டிங்ஸில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ஸை இயக்கினோம். ஆண்ட்ராய்டு 9 முதல் இந்த வசதி இருக்கிறது. எந்தத் தளத்தைத் தேடுகிறோம் என்ற கேள்வியை அது மறைத்து அனுப்பும். விபிஎன் அளவுக்கு முழுதாக மறைக்காது. ஆனால் காசு இல்லை, பேட்டரியும் தின்னாது.

முக்கியமான ஒன்றை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன். இன்று நம் வீட்டுப் பணம் போவது பெரும்பாலும் நாமே திறந்துவிடும் கதவு வழியாகத்தான். கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைல், போக்குவரத்து அபராதம் என்று வரும் லிங்க், ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று மிரட்டும் வீடியோ கால், ஓடிபி கேட்கும் ‘பேங்க் மேனேஜர்’ என்று எதையும் விபிஎன் தடுக்காது. அப்படி எதிலாவது பணம் போய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு மறைக்காமல் உடனே 1930-க்கு போன் செய்ய வேண்டும். அந்த எண்ணை அம்மா காலண்டரில் பால் கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

நான் கிளம்பும்போது அம்மா போனைப் பார்த்துவிட்டு, “சாவி இல்லாம என்னமோ மாதிரி இருக்குடி, வாசக்கதவைத் தொறந்து போட்ட மாதிரி” என்றார். மூன்று வருடப் பழக்கம். ஒரு மாதத்தில் மறந்துவிட்டார்.

போன சித்திரையில் அப்பா ஊருக்கு வந்தார். வந்த இரண்டாம் நாள் சாயங்காலம். நான் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறேன். அம்மா அடுப்படியில். அம்மாவின் போனில் வாட்ஸ்அப் வீடியோ கால் அடிக்கிறது. யாரென்று எட்டிப் பார்த்தால் அப்பா. திண்ணையிலிருந்து.

“ஏங்க, பத்தடியில இருந்துக்கிட்டு எதுக்குங்க போனு?” என்றார் அம்மா, கையைத் துடைத்துக்கொண்டே.

“ஒண்ணுமில்ல. எதுவும் போடாமலே போகுதான்னு பாத்தேன்” என்றார் அப்பா.

அம்மா காலை எடுத்துப் பேசினார்.